சட்டைப்பை நாணயவியல்: மாதம் முந்நூறு ரூபாய்க்கு உட்பட்ட சேகரிப்பாளர் குறித்த ஓர் ஆய்வு

நாணயங்களை எப்படிச் சேகரிப்பது என்று சொல்ல நூல்கள் உண்டு. எவற்றை விட்டுத் தொலைப்பது என்று சொல்ல, இக்கட்டுரையாளர் கைக்கு எட்டிய நூல்களில் ஒன்றும் இல்லை. மாதம் முந்நூறு ரூபாய்க்கு மேல் இந்தக் காரியத்துக்கு ஒதுக்க வழியில்லாதவருக்கு இரண்டாவது கேள்விதான் முதல் கேள்வி. அக்குறையைப் போக்க எழுந்தது இவ்வாய்வு. ஆய்வுக்களம்: கட்டுரையாளரின் வீடு, தெருமுனை டீக்கடை, ஞாயிறுதோறும் நடைபாதையில் பழம்பொருள் பரப்பும் ஒருவரின் தார்ப்பாய். மாதிரியின் அளவு: ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில், முக்கால் நிறைய. நிதி நல்கை: எவரும் முன்வரவில்லை.

முதலில் ஒரு மயக்கத்தைத் தெளிவிக்க வேண்டும். பழைய காசு என்றால் விலை அதிகம் என்பது பரவலான நம்பிக்கை. தார்ப்பாய்க்காரரிடம் நிகழ்த்திய கள ஆய்வு அதை மறுக்கிறது.

"ராசராசன் காசு சார். ஆயிரம் வருசம். முந்நூறு குடுங்க."

"இருநூத்தம்பது வச்சுக்குங்க."

"ஆயிரம் வருசத்துக் காசுல அம்பது ரூபா கொறைக்கிறீங்களே சார்" என்றார். குறைத்தும் கொடுத்தார்.

செம்புக்காசு. ஒரு பக்கம் நிற்கும் உருவம், மறுபக்கம் உட்கார்ந்த உருவம், பக்கத்தில் நாகரி எழுத்தில் ஸ்ரீ ராஜராஜ என்ற பெயர். தஞ்சையில் அவ்வளவு பெரிய விமானத்தை எழுப்பியவனுக்குக் காசில் கைகால் வரைய ஆள் கிடைக்கவில்லையா என்று தோன்றும்; பால்வாடிப் பிள்ளை சிலேட்டில் கிறுக்கியது போல இருக்கிறான் மனிதன். கணக்குப் போட்டால் ஆண்டுக்கு இருபத்தைந்து காசு விழுகிறது. அந்த இருபத்தைந்து காசும் இப்போது செல்லாது. அதைப் பிறகு பார்ப்போம். இவனுக்கு ஒன்பது நூற்றாண்டுக்கு மேல் இளையவரான ஆறாம் ஜார்ஜின் 1939ஆம் வருடத்து ஒரு ரூபாயையோ லட்சங்களில் ஏலம் பேசுகிறார்கள். ராசராசன் காசு அள்ள அள்ள அடிக்கப்பட்டது. தமிழகத்திலும் இலங்கையிலும் இன்றும் மண்ணிலிருந்து வந்துகொண்டே இருக்கிறது. 1939 ரூபாய் தேடினாலும் கண்ணில் படாது. ஆக, விலையைத் தீர்மானிப்பது வயது அல்ல, தட்டுப்பாடு. கல்யாணச் சந்தையில் மாப்பிள்ளைகளுக்கும் இதே விதிதான் என்றாலும் அது இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டது.

மயக்கத்தின் மறுபக்கம் இன்னும் ஆபத்தானது. வைஷ்ணவ தேவி படம் போட்ட ஐந்து ரூபாய் வீட்டில் இருந்தால் பத்து லட்சம் என்று கைப்பேசியில் செய்தி வரும். விற்கப் போனால் முதலில் நம்மிடம் கமிஷன் கேட்பார்கள். தன் பெயரைச் சொல்லிப் பழைய காசு வாங்குவதாக ஏமாற்றுகிறார்கள் என்று ரிசர்வ் வங்கியே 2021இல் எச்சரித்தது. கிழக்கிந்தியக் கம்பெனி, 1818 என்று பொறித்து, ராமர் தர்பாரோ அனுமனோ இருக்கும் கனத்த செம்புக்காசு வேறு உலவுகிறது. கம்பெனி அப்படி ஒரு காசை அடிக்கவே இல்லை. அதுவே அரிசியை இழுக்கும் என்று சொல்லி, ரைஸ் புல்லிங் என்று பெயரும் வைத்து, படித்தவர்களிடமே பணம் கறந்திருக்கிறார்கள். இழுபட்டது அரிசி அல்ல.

அப்படியானால் எதைத்தான் வாங்குவது? வெளிநாட்டு விலைப்பட்டியல் எதுவும் தேவையில்லை என்பது இக்கட்டுரையாளரின் கருதுகோள். நம்மவர்களின் வசைச்சொற்களே போதும். சல்லிக்காசு பெறாதவன், ஓட்டைக் காலணாவுக்கு வக்கில்லாதவன், செல்லாக்காசு: மட்டம் தட்டுவதற்காகத் தமிழர் தேர்ந்தெடுத்த அத்தனையும் சிறு வருமானக்காரன் வாங்கக்கூடியவை. திட்டியவர்கள் அறியாமலே ஒரு கையேடு எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஓட்டைக் காலணாவை எடுத்துக்கொள்வோம். இரண்டாம் உலகப் போரில் உலோகத்துக்குப் பஞ்சம் வந்தபோது செம்பை மிச்சம் பிடிக்க நடுவில் ஓட்டை போட்டு 1943 முதல் 1947 வரை அடித்தார்கள். ராஜாவின் தலை இருக்க வேண்டிய இடத்தில் வெறும் காற்று. சனங்கள் இதை வாஷராக மாட்டினார்கள், குழந்தையின் அரைஞாணில் கோத்தார்கள். காசுக்கு இத்தனை பயன் வந்தது அப்போதுதான். இன்று சாதாரண நிலையில் உள்ள ஒன்று இரண்டு டீ விலைக்குக் கிடைக்கும். எனவே யாரையேனும் ஓட்டைக் காலணா பெறாதவன் என்று திட்டுவோர், அன்றைய விலை நிலவரத்தைச் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

சல்லிக்கு நிகராகப் புதுக்கோட்டை அம்மன் காசைச் சொல்லலாம். சுண்டுவிரல் நகத்தளவு செம்பு. ஒரு பக்கம் அமர்ந்த பிரகதாம்பாள், மறுபக்கம் தெலுங்கில் விஜய என்று எழுத்து. ஓர் அணாவுக்கு இருபது. தொண்டைமான்கள் காலத்தில் நவராத்திரியில் அரிசியோடு தானமாகப் போனது. இவ்வளவு சிறிய காசை ஆல்பத்தில் வைத்தால் ஆல்பம்தான் தெரியும்.

செல்லாக்காசு விஷயத்தில் அரசே நமக்குத் துணை நின்றது. இருபத்தைந்து காசும் அதற்குக் கீழான எல்லாமும் 2011 ஜூன் 30ஆம் தேதியோடு செல்லாமல் போயின. சதுர ஒரு பைசா, அறுகோண மூன்று பைசா, விளிம்பு நெளிந்த பத்து பைசா என்று அலுமினியத்தில் வடிவியல் பாடமே நடத்தியிருக்கிறார்கள். தண்ணீரில் மெதுவாக விட்டால் மிதக்கும். அந்தக் காலத்துப் பொருளாதாரமும் அப்படித்தான் மிதந்தது என்பார்கள், அதில் இக்கட்டுரையாளருக்குக் கருத்து இல்லை.

இனி இவ்வாய்வின் மையமான தேநீர்த் தேற்றம். முகமதிப்புக்கு மேல் ஒரு காசும் கொடுக்காமல் சேர்த்த நாணயத்தால் எவருக்கும் நட்டமில்லை. ஆர்வம் தீர்ந்த அன்று அதைக் கொடுத்து டீ குடித்துவிடலாம். தேற்றத்தைச் சோதிக்கப் பத்து ரூபாய் நாணயத்தோடு தெருமுனைக்குப் போனது தவறு.

"சார், காயின் வேணாம். நோட்டா இருந்தா குடுங்க."

"செல்லும்னு கவர்ன்மென்ட்டே சொல்லிருக்கேப்பா."

"கவர்ன்மென்ட் சொல்லுச்சு சார். பால்காரர் வாங்க மாட்டேங்கிறாரே."

கதிர் பத்து இருந்தால் அசல், பதினைந்து இருந்தால் போலி என்று யாரோ கிளப்பிவிட்டதை ஊரே பிடித்துக்கொண்டது. பதினான்கு வடிவங்கள் வந்திருக்கின்றன, பதினான்கும் செல்லும் என்று ரிசர்வ் வங்கி 2018 ஜனவரியில் விளக்கம் கொடுத்தது. பால்காரர் படிக்கவில்லை. ஆனால் தேற்றம் விழுந்த இடத்தில்தான் ஒரு துணைத்தேற்றம் முளைத்தது: எவரும் வாங்க மறுக்கும் காசு, வைத்திருப்பவரைத் தானாகவே சேகரிப்பாளராக்கிவிடுகிறது. பதினான்கும் சேர்ந்தால் நூற்று நாற்பது ரூபாய். பட்ஜெட்டில் பாதிகூட இல்லை. இப்போது கடைக்காரரே தன் கல்லாவில் மாட்டிய பத்து ரூபாய்களை எடுத்து வைத்திருந்து என்னிடம் தள்ளுகிறார். பதினொன்று தேறிவிட்டன.

அதே சில்லறையை இன்னும் நுணுக்கமாகப் பகுக்கவும் முடியும். ஆண்டுக்குக் கீழே பாருங்கள். வைரவடிவம் இருந்தால் மும்பை அக்கசாலை, நட்சத்திரம் ஐதராபாத், வட்டப்புள்ளி நொய்டா. ஒன்றுமே இல்லாவிட்டால் கொல்கத்தா. (சென்னையிலும் கம்பெனி காலத்தில் அக்கசாலை இருந்தது, இன்று தங்கசாலை என்று தெருவுக்குப் பெயர்தான் மிச்சம்.) இல்லாமையையே அடையாளமாக வைத்த கொல்கத்தாவின் தத்துவத்தை மெச்சலாம், நடைமுறையில் அது ஆளைக் கவிழ்க்கும். இக்கட்டுரையாளரின் முதற்கட்ட முடிவுகளின்படி இந்தியாவின் எல்லா நாணயங்களும் கொல்கத்தாவில்தான் அடிக்கப்பட்டன. வெள்ளெழுத்துக்குக் கண்ணாடி வாங்கிய பிறகு அம்முடிவுகள் திரும்பப் பெறப்பட்டன. கண்ணாடியின் விலை, பட்ஜெட்டில் எட்டு மாதம். தேய்ந்த காசுகள் இன்னமும் கொல்கத்தாவுக்கே போகின்றன.

நினைவு நாணயங்களில் தமிழகத் தொடர்பு உள்ளவற்றை மட்டும் எடுத்தால் வரிசை கைக்கு அடங்கும். 1995 உலகத் தமிழ் மாநாட்டுக்கு வந்த வள்ளுவர், 2003இன் காமராசர், தமிழில் கையொப்பத்தோடு 2009இன் அண்ணா, 2010இன் பெரிய கோயில். எல்லாம் ஐந்து ரூபாயில் உண்டு, சில்லறையில் புழங்கியவை. நூறு ரூபாய் நினைவு நாணயங்களின் பக்கம் போகக் கூடாது. பெரும்பாலும் பாதி வெள்ளி கலந்த அவை புழக்கத்துக்கு வருவதே இல்லை. நூறு ரூபாய் நாணயத்தை நூறு ரூபாய்க்கு வாங்க முடியாது என்பதைப் புரிந்துகொள்ளவே ஒருவருக்குத் தனிப் படிப்பு வேண்டும்.

எஞ்சியிருப்பது தாமரை. 1968 முதல் 1971 வரை வந்த, தாமரைப் பூ போட்ட பித்தளை நிற இருபது காசு. நான்கே வருடம், நான்கே காசு. சிறிய பட்ஜெட்டுக்கு இதைவிடக் கச்சிதமான வரிசை இல்லை. மூன்று சேர்ந்துவிட்டன. 1968 மட்டும் இல்லை. ஆனால் அது எங்கே இருக்கிறது என்பது தெரியும்: அம்மாவின் பூஜை அலமாரியில், எவர்சில்வர் சம்புடத்தில். வெள்ளிக்கிழமை லட்சுமி அர்ச்சனைக்காக அம்மா ஒவ்வொன்றாகச் சேர்த்த நூற்றெட்டு தாமரைக் காசுகள்.

"ஒண்ணே ஒண்ணும்மா."

"ஒண்ணு எடுத்தா நூத்தியேழு. நூத்தியேழு பேரு சொல்லி எவளாவது அர்ச்சனை பண்ணுவாளா?"

மாற்றாக 1971 ஒன்று கூடுதலாக வைத்திருந்தேன். அதை நீட்டினேன். நல்ல காசு, ஐம்பது வருடம் யாரும் தேய்க்காமல், தானாகவே தேன் நிறம் ஏறியது. அந்த நிறத்துக்குத்தான் தார்ப்பாய்க்காரரிடம் அதிகம் கொடுத்தேன். துலக்கிய காசைச் சேகரிப்பாளர்கள் காசாகவே மதிப்பதில்லை. அம்மாவின் நூற்றெட்டும் வியாழன்தோறும் புளியில் குளித்துத் தங்கம் போல் மின்னுகிறவை.

அம்மா என் காசை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்தக் கறுப்பையா லட்சுமி தலைல போடுவேன்? தேச்சு எடுத்துட்டு வா, தரேன்."

சமையலறையில் ஒரு கிண்ணத்தில் புளி ஊறிக்கொண்டிருக்கிறது.