ஸ்ரீ இரும்புக் கம்பி பிரஷ் மகாராஜர் மெய்க்கீர்த்தி

ஸ்வஸ்தி ஸ்ரீ. தகரக் கொட்டகை தோறும் செங்கோல் ஓச்சி, வெல்டிங் பட்டறைகள் அனைத்தையும் ஆண்டருளும் மகாராஜராஜ ஸ்ரீ இரும்புக் கம்பி பிரஷ் அவர்களின் திருச்சமூகத்துக்கு அடியேன் தெண்டனிட்டுச் சமர்ப்பிக்கும் புகழ்மாலை. 1913இல் ஷெஃபீல்டு நகரில் ஹாரி பிரியர்லி என்பவர் எஃகோடு குரோமியத்தை உருக்கிச் சேர்த்து, இனித் துருவுக்கு இங்கே வேலையில்லை என்றொரு கோட்டை எழுப்பினார். நூறாண்டு கடந்தும் நிமிர்ந்து நின்ற அந்தக் கோட்டையை, ஒரு மரப்பிடியையும் ஒரு பிடிக் கம்பியையுமே சேனையாகக் கொண்டு ஒரே பிற்பகலில் வென்ற வீராதிவீரர் தாங்கள்.

தங்கள் சமநோக்கை எப்படிப் புகழ்வேன்! காலையில் சாதா இரும்பு கேட்டின் துருவைச் சுரண்டி அருளுகிறீர்கள். மதியம், அந்தத் துரு இன்னும் திருமேனியில் ஒட்டியிருக்க, 304 ரக எவர்சில்வர் ரெய்லிங்கின் ஆர்கான் வெல்டிங்மேல் எழுந்தருளுகிறீர்கள். இது இரும்பு, அது எவர்சில்வர் என்ற பேதம் தங்கள் ராஜ்யத்தில் இல்லை. எவர்சில்வர் வேலைக்கென்றே எவர்சில்வர் கம்பியில் ஒரு பிரஷ் வாங்கி, பிடியில் பெயிண்டால் அடையாளமிட்டு, இரும்பின் பக்கமே போகவிடாமல் பூட்டிவைக்கும் அற்பப் பட்டறைகள் சில உண்டு. தனி பிரஷுக்குச் செலவழிக்கும் அந்த ஊதாரித்தனத்திலிருந்து மற்றவர்களைக் காத்தருளியவர் தாங்களே.

தங்கள் கொடைக்கு எல்லை ஏது? தேய்க்கும் இடமெல்லாம் திருமேனியைக் கிள்ளிக் கிள்ளி இரும்புத் துகளாக வழங்கி, எவர்சில்வரின் மேனியில் அழுந்தப் பதித்துவிடுகிறீர்கள். கொடுத்ததைச் சொல்லிக்காட்டும் வழக்கமும் தங்களுக்கு இல்லை. வேலை முடிந்த அன்று ரெய்லிங் கண்ணாடிபோல் மின்னுகிறது. வீட்டுக்காரர் மனம் குளிர்ந்து பாக்கியைத் தீர்த்துவிடுகிறார். அதன் பிறகல்லவா தானம் பலிக்கிறது! ஒரு மழை பெய்து, கொஞ்சம் உப்புக்காற்றும் வீசிவிட்டால், துகள் ஒவ்வொன்றும் செம்பொட்டாக மலர்ந்து, டீக்கறை நிறத்தில் வழிந்து, வெல்டிங் செய்த இடங்களையெல்லாம் ஊருக்கே எடுத்துக்காட்டுகிறது.

தங்கள் மேலோட்டமான பார்வையோ கடலினும் ஆழமானது. எவர்சில்வரைக் காப்பது சில நானோமீட்டர் தடிமனே உள்ள குரோமியம் ஆக்சைடுத் தோல். வெல்டிங் சூட்டில் அது தடித்து, வைக்கோல் மஞ்சள், பழுப்பு, ஊதா, நீலம் என்று நிறம் காட்டுகிறது. தடிக்கும்போது அடியிலுள்ள உலோகத்தின் குரோமியத்தையும் உறிஞ்சிக்கொள்கிறது. 304இல் குரோமியம் சுமார் 18 சதவீதம். 10.5 சதவீதத்துக்குக் கீழே போனால் எவர்சில்வர் என்ற பெயருக்கே அது உரியதன்று. குரோமியம் வற்றிய அந்த அடுக்கையும் சேர்த்து நீக்கவேண்டும் என்பர் குறை காண்போர். தாங்களோ மேலிருக்கும் நீலத்தை மட்டும் துடைத்து, அடியில் வற்றிய அடுக்கைத் துருவின் குடியிருப்புக்கென்று பத்திரமாக விட்டுவைக்கிறீர்கள்.

மன்னருக்கேற்ற மந்திரிகளையும் வாழ்த்தாமல் விடலாமா? இரும்பு அறுத்த அதே வீலோடு எவர்சில்வருக்கு வரும் கிரைண்டரார், பக்கத்தில் இரும்பு அறுக்கும்போதே பொறி பறக்கவிட்டுத் தூரத்திலிருந்தே ஆசி வழங்க வல்லவர். பாத்ரூம் ஆசிட்டார் இன்னும் மேலானவர். அவர் பூர்வாசிரமத்தில் ஹைட்ரோகுளோரிக் அமிலம். எவர்சில்வரின் தோலைத் துளைப்பதில் குளோரைடுக்கு இணை இல்லை என்பதால், கறை போக்க வந்தவர் ஊசிக்குழிகளையும் இலவசமாகத் தோண்டிக் கொடுத்துவிட்டே விடைபெறுகிறார்.

தங்கள் பகைவரின் பாடுதான் பரிதாபம். பிக்லிங் பேஸ்ட் என்கிறார்கள். நைட்ரிக் அமிலமும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலமும் சேர்ந்த அதைத் தடவி, குறித்த நேரம் காத்திருந்து, அமிலம் துளியும் தங்காமல் கழுவி, கழுவிய நீரையும் அமிலம் முறித்த பிறகே வெளியே விடவேண்டுமாம். ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் தோலுக்குள் இறங்கி எலும்புவரை போகுமென்று கையுறையும் முகக்கவசமும் அணிகிறார்கள். கால்சியம் குளுக்கோனேட் ஜெல்லை அருகிலேயே வைத்துக்கொள்கிறார்கள். அந்தப் பேஸ்ட் வேண்டாமென்றால் பாஸ்பாரிக் அமிலமும் மின்சாரமும் கொண்டு வெல்டிங்கைத் துடைக்கும் மெஷினை நாடுகிறார்கள். பிறகு நைட்ரிக் அமிலத்தாலோ சிட்ரிக் அமிலத்தாலோ பாசிவேஷன் செய்து, மேலே ஒட்டிய இரும்பைக் கரைத்துவிட்டு, குரோமியத் தோல் தானே மீண்டும் மூட வழிவிடுகிறார்கள். அப்போதும் ஐயம் தீராமல், அமிலம் கலந்த காப்பர் சல்பேட் கரைசலைப் பூசி, 6 நிமிடம் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்கிறார்கள். இரும்பு ஒளிந்திருந்தால் அங்கே செம்பு படிந்து காட்டிக்கொடுத்துவிடுமாம். இத்தனை பாடுபட்டு அவர்கள் கண்ட பலன், பல்லாண்டு போனாலும் துருப்பிடிக்காத ஒரு ரெய்லிங். ஒரு பட்டறைக்கு மறுபடி வேலை தராத அந்தப் பொருளால் யாருக்கு லாபம்?

எல்லாவற்றிலும் உயர்ந்தது தங்கள் அடக்கம். செம்பொட்டுக் கண்டு வீட்டுக்காரர் ஓடிவந்தால், கடைக்காரர் 304 என்று சொல்லி மட்ட ரகமான 202ஐக் கொடுத்துவிட்டார் என்கிறது பட்டறை. மால் சுத்தம், காற்றில்தான் உப்பு என்கிறது கடை. மூலையில் தகர டப்பாவுக்குள் கம்பி வளைந்து, பல் உதிர்ந்து, மௌனமாக வீற்றிருக்கும் தங்கள் திருநாமத்தை ஒருவரும் உச்சரிப்பதில்லை. இவ்வளவு பெரிய காரியத்தைச் செய்துவிட்டுப் பெயர் வேண்டாமென்று இருக்க யாரால் முடியும்?

முடிவில், இரும்பு வாங்கியவர் மட்டுமே அனுபவித்துவந்த பேற்றை எவர்சில்வர் வாங்கியவருக்கும் தாங்கள் அருளியிருக்கிறீர்கள். ஆண்டுதோறும் உப்புத்தாள் கொண்டு தேய்த்து, எவர்சில்வர்மேல் அவர் சில்வர் பெயிண்ட் அடிக்கிறார். இரும்பின் விலையில் எவர்சில்வர் தரப் பார்த்து ஏமாந்தவர்கள் பலர். எவர்சில்வர் விலையில் இரும்பைத் தர, மகாராஜரே, தங்களையன்றி யாரால் ஆகும்!