தயவுசெய்து யாருக்கும் சொல்லிவிடாதீர்கள்

அனுப்புநர்:
ஜெராக்ஸ் கடைக்காரர்,
பேகம்பூர், திண்டுக்கல்.

பெறுநர்:
பச்சைப்பிள்ளை வளர்ப்புக்கு உதவும் துறையின் உயர் அலுவலர் அவர்கள்.
(எந்தத் துறை என்பது எங்களுக்கு இன்னும் பிடிபடவில்லை. முகவரியைத் தாங்களே நிரப்பிக்கொள்ளவும்.)

பொருள்: பிழைப்புக் கொடுத்தமைக்கு நன்றி – தொடர்பாக.

பார்வை: ஓர் அலுவலகச் சுவரில் பாதி கிழிந்து தொங்கும் விளம்பரத் தாள்.

ஐயா / அம்மா,

பேகம்பூரில் பத்துக்குப் பத்து அறையில் ஒரு ஜெராக்ஸ் மிஷின், ஒரு கம்ப்யூட்டர், நாலு பிளாஸ்டிக் ஸ்டூல் வைத்துக் கடை நடத்துகிறேன். கடை வாடகை, கரண்ட் பில், மகளின் காலேஜ் பஸ் காசு எல்லாம் தங்கள் புண்ணியத்தில்தான் ஓடுகிறது. இத்தனை வருடத்தில் ஒரு நன்றிகூடச் சொல்லவில்லையே என்று மனசு உறுத்தியது. அதனால் இந்தக் கடிதம்.

தினமும் குறைந்தது ஒரு தாயாவது கடை வாசலில் வந்து நின்று இப்படிக் கேட்பார்: “பாய், பிள்ளைக்கு ஏதோ காசு தர்றாங்களாமே, அதுக்கு என்னென்ன வேணும்?” இந்த ‘ஏதோ’வும் ‘ஆமே’யும்தான் என் முதலீடு. ‘ஏதோ’ எது என்று தாங்கள் தெளிவாகச் சொல்லிவிட்டால் அவர் என்னிடம் ஏன் வரப்போகிறார்? என்ன திட்டம் என்று நான் துப்பறிய வேண்டும். மாசமாக இருக்கிறாரா, பிறந்துவிட்டதா, ஆணா பெண்ணா, வீட்டுக்காரர் இருக்கிறாரா, பிள்ளை நடக்கிறதா, பேசுகிறதா. பதிலைப் பொறுத்து நகல்களின் எண்ணிக்கை மாறும். எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாவற்றிலும் ரெண்டு ரெண்டு எடுத்துவிடுவேன்.

மாசமாக இருந்தால் டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி பெயரிலுள்ள உதவி: மொத்தம் 18,000 ரூபாய். அதில் 14,000 தவணையாகப் பணம், மிச்சம் இரண்டு ஊட்டச்சத்துப் பெட்டகமாக. நர்ஸம்மாவிடம் பதிந்து எண் வாங்கியிருக்க வேண்டும். அந்த எண் இல்லாவிட்டால் பிறப்புச் சான்றுக்கும் அலைச்சல். பிள்ளை இன்னும் குப்புறக்கூட விழவில்லை, அதற்குள் அதன் பேரில் ஒரு பிளாஸ்டிக் ஃபைல் கனத்துவிடுகிறது. ஃபைல் நம்மிடம் பதினைந்து ரூபாய்.

தாங்கள் பிள்ளையைப் பங்கு போட்டிருக்கும் அழகை எண்ணி எண்ணி வியக்கிறேன். வயிற்றில் இருக்கிறவரை சுகாதாரம். சத்துமாவு தின்னும்போது பால்வாடி. பெண்ணாகப் பிறந்து வைப்புத்தொகை போட வேண்டும் என்றால் சமூக நலம். தகப்பன் இறந்துவிட்டால் குழந்தைகள் பாதுகாப்பு. பேச்சு வரவில்லை என்றால் மறுபடி சுகாதாரம். அதற்கு அட்டை வேண்டும் என்றால் மாற்றுத்திறனாளிகள் நலம். எங்கள் ஊரில் ஆட்டைக் கூட இவ்வளவு நேர்த்தியாகக் கூறு போடத் தெரிந்தவர்கள் குறைவு. ஒவ்வொரு கூறுக்கும் தனி ஆதார் நகல் என்பதை நன்றியுடன் பதிவு செய்கிறேன்.

எனக்கு மிகவும் பிடித்தது பெண் குழந்தை பாதுகாப்புத் திட்டம். 1992இல் வந்தது. ஒரே பெண் என்றால் 50,000 ரூபாய், இரண்டும் பெண் என்றால் ஆளுக்கு 25,000, பிள்ளை பெயரில் போட்டுவைத்து 18 வயது முடிந்ததும் வட்டியோடு தருகிறீர்கள். அருமையான திட்டம், பகடி இல்லை. அதற்கு ஒரு சான்று கேட்கிறீர்கள் பாருங்கள், அதில்தான் நிற்கிறது தங்கள் மேதைமை: ஆண் குழந்தை இல்லை என்பதற்கான சான்று. இருக்கிற பிள்ளைக்குச் சான்று வாங்கவே மூன்று நடை. இல்லாத பிள்ளைக்கும் வாங்க வேண்டும். இல்லாத அந்தப் பையனுக்காக ஒரு தகப்பன் இரண்டு நாள் கூலியை விட்டு வந்து என் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். பிறந்திருந்தால்கூட இவ்வளவு செலவு வைத்திருக்க மாட்டான் என்றார்.

இன்னொன்று. பிள்ளைக்கு மூன்று வயசு முடிவதற்குள் விண்ணப்பித்துவிட வேண்டும். என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேர் இந்தத் திட்டத்தைக் கேள்விப்படுவதே, பிள்ளையை எல்கேஜியில் சேர்க்க நகல் எடுக்க வருகிற அன்றுதான். வரிசையில் பக்கத்தில் நிற்கும் பெண் சொல்வார். கேட்டவர் முகம் போகிற போக்கை நான் மிஷின் பக்கம் திரும்பிக்கொண்டு தவிர்த்துவிடுவேன்.

தங்கள் முன்னோர்கள் இந்தத் தொழில் நுணுக்கம் அறியாதவர்கள் என்பதை வருத்தத்துடன் சொல்ல வேண்டியிருக்கிறது. திண்டுக்கல் தனி மாவட்டமானது 1985 செப்டம்பரில். அதற்கு முன் நாங்கள் மதுரை மாவட்டம். 1980இல் உலக வங்கிக் கடனில் தமிழ்நாடு ஒருங்கிணைந்த ஊட்டச்சத்துத் திட்டம் வந்தபோது, அதே மதுரை மாவட்டத்தின் கொட்டாம்பட்டி வட்டாரத்தில்தான் வெள்ளோட்டம் பார்த்தார்கள். ஆறு மாதத்திலிருந்து மூன்று வயது வரை உள்ள பிள்ளைகளை மாதா மாதம் எடை போட்டு அட்டையில் கோடு இழுப்பது. கோடு தொய்ந்தால் அந்தப் பிள்ளைக்கு மட்டும் 90 நாளுக்குச் சத்துருண்டை. எடை ஏறியதும் நிறுத்திவிடுவார்கள். எந்தத் தாயும் விண்ணப்பம் எழுதவில்லை. பிள்ளையைத் தராசுதான் தேடி வந்தது. அந்தக் காலத்தில் கடை போட்டிருந்தால் என் கதி என்ன ஆகியிருக்கும்!

நல்லவேளை, காலம் மாறிவிட்டது. இப்போது சத்துமாவு வாங்கப் போனால் போனில் முகம் காட்ட வேண்டும். போன மாசம் ஒரு பெண் புலம்பிக்கொண்டு வந்தார். பிள்ளை பெறுவதற்கு முன் ஆதாரில் எடுத்த படம். இப்போது கண்ணுக்குக் கீழே கருவளையம், கன்னம் ஒட்டிப் போயிருக்கிறது. போன் அவரை அவர் இல்லை என்கிறதாம். பால்வாடி டீச்சருக்கு அவரைப் பத்து வருடமாகத் தெரியும். டீச்சருக்குத் தெரிந்தால் போதாது, போனுக்குத் தெரிய வேண்டும். தாயின் முகத்திலேயே ஊட்டச்சத்துக் குறைவைக் கண்டுபிடித்து, அதற்காகவே மாவை நிறுத்தும் கருவி உலகத்தில் வேறெங்கும் இருக்குமா தெரியவில்லை. ஆதார் அப்டேட்டுக்கு வழி கேட்டு என்னிடம் வந்தார். நன்றி.

இனி ஒரு சின்ன மனத்தாங்கல். போன வருடம் ஒரு பெண் ரேஷன் கார்டு நகல் எடுக்க வந்தார். வீட்டுக்காரருக்குத் தோல் ஷாப்பில் வேலை. இடுப்பிலிருந்து இறக்கிவிட்ட பையன் நேரே மிஷின் பக்கம் போனான். மூடியைத் திறந்துவைத்து நகல் எடுத்தால் வெளிச்சக் கோடு ஒன்று இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கம் ஓடுமல்லவா, அதையே பார்த்துக்கொண்டு நின்றான். அம்மா பெயர் சொல்லிக் கூப்பிட்டார். ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்று தடவை. திரும்பவில்லை. ரோட்டில் ஒரு ஆட்டோ ஹாரன் அடித்ததும் சட்டென்று திரும்பினான். ஆக, காது கேட்கிறது.

“மூணு வயசு ஆகப் போகுது பாய். இன்னும் பேசல. ‘ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசும், அவங்க அத்தாவே நாலு வயசுலதான் வாயத் தொறந்தாரு’ன்னு மாமியா சொல்றாங்க.”

மாமியார் சொல்வதற்கு நான் யார் மறுப்புச் சொல்ல? ஆனால் என் வியாபார புத்தி சும்மா இருக்கவில்லை. பால்வாடிக்கு வருடத்துக்கு இரண்டு தடவை டாக்டர்கள் குழு வந்து பிள்ளைகளைப் பார்க்க வேண்டும் என்று 2013இலிருந்து ஒரு திட்டம் இருக்கிறது. பிறவிக் குறை, நோய், சத்துக் குறைவு, வளர்ச்சியில் பின்தங்கல் எல்லாம் அதில் அடங்கும். அங்கே கண்டால் மாவட்ட அளவில் ஒரு மையத்துக்கு அனுப்புவார்கள். பேச்சுப் பயிற்சி, கைகால் பயிற்சி எல்லாம் காசில்லாமல் என்று அவரிடம் உளறிவிட்டேன். பெயரைச் சொன்னால் பயந்துவிடுவார் என்றுதான் சொல்லவில்லை: மாவட்ட இடையீட்டுச் சேவை மையம். எதற்கும் எதற்கும் இடையே என்று எனக்கே புரிந்ததில்லை. ‘பிள்ளை பேச, நடக்க, பழகப் பின்தங்கினால் இங்கே வாருங்கள்’ என்று எழுதியிருந்தால் கூட்டம் வந்துவிடும் அல்லவா? சமயோசிதம்.

அவர் போனார். முதலில் தப்பான கட்டடத்துக்கு. எந்த அலுவலகம் என்று சொல்ல மாட்டேன், எனக்கும் நாளைக்குப் பிழைப்பு வேண்டும். “பிள்ளைக்கு என்ன பிரச்சினைன்னு எழுதி வாங்கிட்டு வாங்க, அப்புறம் என்ன பிரச்சினைன்னு பார்க்கலாம்” என்றார்களாம். அந்த வாக்கியத்தை லேமினேட் செய்து கடையில் மாட்டலாமா என்று யோசித்தேன். மூன்றாவது நடையில் சரியான கதவைக் கண்டுபிடித்துவிட்டார். அங்கே ஒரு சின்ன வயசுப் பெண், பாயை விரித்துப் போட்டுத் துணியால் முகத்தை மூடுகிறாராம், திறக்கிறாராம், பையன் பார்க்கிறவரை காத்திருக்கிறாராம். “வெளயாட்டுதான் பாய் காட்டுறாங்க, இதுக்கா இத்தன அலைச்சல்னு நெனச்சேன்” என்றார். வீட்டில் போனைப் பிடுங்கிவைத்துவிட்டு எதிரே உட்கார்ந்து பேசச் சொன்னார்களாம்.

முந்தாநாள் பையன் மறுபடி வந்தான். வார்த்தை இன்னும் நாலைந்துதான். ஆனால் மிஷினைக் கையால் காட்டுகிறான், காட்டிவிட்டு என் முகத்தைப் பார்க்கிறான். நான் பார்க்கிறேனா என்று பார்க்கிறான். இது பெரிய முன்னேற்றம் என்று அங்கே சொன்னார்களாம். ஒரு வருடம் முன்னால் வந்திருந்தால் இன்னும் நல்லது என்றும் சொன்னார்களாம். இவரால் எனக்குக் கிடைத்த மொத்த வருமானம் 46 ரூபாய்.

தர்ம ஸ்தாபனங்களும் தங்களிடம் பாடம் கற்றவைதான். சின்னாளப்பட்டி பக்கம் பஸ்ஸில் போனால் காந்திகிராமம். சௌந்திரம் அம்மாவும் ஜி. ராமச்சந்திரனும் 1947இல் ஆரம்பித்தது. தாய்க்கும் சேய்க்கும் கஸ்தூர்பா மருத்துவமனை, நாதியற்ற பிள்ளைகளுக்கு இல்லம் என்று அன்றே வைத்தார்கள். இங்கே ஜமாஅத்தில் பைத்துல்மால் என்ற பொது நிதி இருக்கிறது. சதக்கா கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது என்பார்கள். சரி. வாங்கப்போகிற கைக்காவது தெரிய வேண்டாமா? ஜும்ஆ முடிந்து ஒரு தடவை மைக்கில் சொன்னால் அஸருக்குள் பேகம்பூருக்கே தெரிந்துவிடும். ரேஷன் கடையில் அரிசி போடும் பையன் ஒரு வார்த்தை சொன்னாலும் போதும். தாங்கள் இணையதளத்தில் பி.டி.எஃப். ஆகப் போட்டு வைத்திருக்கிறீர்கள். திறந்தால் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாகத் தெரிகிறது.

போனிலும் குறை வைக்கவில்லை. ஆம்புலன்ஸுக்கு 108, உடம்பைப் பற்றிக் கேட்க 104, பிள்ளை பெற்று வீடு திரும்ப 102, பிள்ளைக்கு ஆபத்து என்றால் 1098. நான்கும் நல்ல எண்கள், நான்கிலும் ஆள் பேசுகிறார்கள். எது எதற்கு என்பதுதான் பரீட்சை. எங்கள் தெருவில் பலருக்கு 108 மட்டும்தான் தெரியும். அதுவும் வண்டி ஊளையிட்டுக்கொண்டு போவதால்.

எங்கள் ஊர்ப் பெயரைத் தாங்கள் கவனித்திருக்கலாம். ஐதர் அலி குடும்பத்து அமீருன்னிசா பேகம் பிரசவத்தில் இறந்து இங்கே அடக்கமானார், அவர் பெயரால்தான் பேகம்பூர் என்று பெரியவர்கள் சொல்வார்கள். திண்டுக்கல் கோட்டையை ஆண்டவர் வீட்டுப் பெண்ணுக்கே பக்கத்தில் உதவி இல்லாத காலம் அது. இப்போது உதவி நாலாபுறமும் இருக்கிறது. இருக்கும் இடம் எனக்கும், டீச்சருக்கும், குழாயடியில் நிற்கும் இரண்டு அக்காமார்களுக்கும் தெரிந்திருக்கிறது.

ஆகவே, சமூகம் அவர்கள் இந்த நிலையை இப்படியே காத்து, எல்லாத் திட்டத்தையும் ஒரே தாளில், பேச்சுத் தமிழில், எங்கே போக வேண்டும், எத்தனை மணிக்கு, என்ன கொண்டுபோக வேண்டும் என்று அச்சடித்துப் பிள்ளை பிறந்த அன்றே தாயின் கையில் கொடுத்துவிடும் விபரீத முயற்சி எதிலும் இறங்க வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஜெராக்ஸ் கடைக்காரர்.

பின்குறிப்பு: என் வீட்டம்மாவுக்கு இந்தக் கடிதத்தில் உடன்பாடில்லை. மேலே சொன்ன தாளை நோட்டுக் காகிதத்தில் கையாலேயே எழுதிக் கடை ஷட்டரில் ஒட்டிவிட்டார். காப்பி ரெண்டு ரூபாய். இடுப்பில் பிள்ளையோடு வருகிறவர்களிடம் வாங்கக் கூடாதாம்.

இணைப்பு: மேற்படி தாள் – 1.