பத்து நிமிஷக்காரர்

வாரத்தில் ஆறு நாளும் நம்மவருக்கும் சமையலறைக்கும் உள்ள உறவு, ஃபிரிட்ஜைத் திறந்து தண்ணீர் பாட்டிலை எடுப்பதோடு சரி. காலி பாட்டிலை நிரப்பி வைப்பது அந்த உறவில் சேராது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஐந்தரை மணி வாக்கில், சோபாவில் படுத்தபடியே ஓர் அறிவிப்பு வரும்.

"இன்னிக்கு ராத்திரி யாரும் சமைக்க வேணாம். சிக்கன் நூடுல்ஸ். நானே பண்றேன். பத்தே நிமிஷம்."

கல்யாணமான புதிதில் இதைக் கேட்டு மனைவி சந்தோஷப்பட்டதுண்டு. இப்போது சுவர்க்கடிகாரத்தைப் பார்க்கிறார். பத்து நிமிஷ நூடுல்ஸ் எட்டரை மணிக்குத் தட்டில் விழ வேண்டுமானால், இந்த நிமிஷமே எழுந்தாக வேண்டும் என்று அவருக்குத் தெரியும். டி.வி.யை அணைத்துவிட்டுக் கறிக்கடைக்குக் கொண்டுபோகும் பையைத் தேடுகிறார்.

அம்பத்தூரில், உறையூரில், காந்திபுரத்தில், எங்கே போனாலும் நம்மவரைப் பார்க்கலாம். வயது முப்பத்தைந்துக்கு மேல். சாம்பார், ரசம், பொரியல் பக்கம் போகவே மாட்டார். கேட்டால், "அதெல்லாம் டெய்லி சமையல்" என்பார். நெருப்பு எழும்ப வேண்டும், சத்தம் வர வேண்டும், அக்கம்பக்கத்தில் நாலு பேருக்கு வாசனை போக வேண்டும். பிரியாணிக்காரர்கள் தனி ஜாதி; அவர்களுக்கு 'தம்' போடுகிற பொறுமையாவது உண்டு. நம்மவருக்கு வேகம்தான் மூச்சு.

வித்தையை அவர் கற்றது தெருமுனை ஃபாஸ்ட் ஃபுட் வண்டியில். கற்றது என்றால், அரை பிளேட் பார்சல் சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தது. மாஸ்டர் இடது கையில் கந்தைத்துணியைச் சுற்றிச் சட்டியின் காதைப் பிடித்திருப்பார். வலது கையில் நீளக் கரண்டி. அந்தக் கரண்டியின் நுனி உப்பு டப்பாவுக்குப் போகும், மிளகுத்தூளுக்குப் போகும், வெள்ளையாய் மினுக்கும் அஜினோமோட்டோவுக்குப் போகும், சோயா சாஸில் முங்கித் திரும்பி வரும். அளவெல்லாம் கரண்டி விளிம்புக்குத் தெரியும். முட்டையை ஒரே கையால் உடைத்து ஓட்டைப் பின்பக்கம் எறிவார். சட்டி விளிம்பில் நாலு தட்டு, டங் டங்கென்று. மூன்று நிமிஷத்தில் பார்சல் கைக்கு வந்துவிடும்.

நம்மவர் பார்த்தது அந்த மூன்று நிமிஷத்தை. மத்தியானம் மூன்று மணிக்கு அவர் அந்தப் பக்கம் போனதில்லை. போயிருந்தால், வண்டிக்குப் பின்னால் கவிழ்த்த பக்கெட்டின் மேல் உட்கார்ந்து ஒரு பையன் அரை மூட்டை முட்டைக்கோஸைச் சீவிக்கொண்டிருப்பதைப் பார்த்திருப்பார். நூடுல்ஸ் அப்போதே வெந்து, வடிந்து, எண்ணெய் தடவி, அண்டாவில் ஆறிக்கொண்டிருக்கும். கோழி பாதி பொரிந்து தட்டில் காத்திருக்கும். மாஸ்டரின் மூன்று நிமிஷத்துக்குப் பின்னால் நாலு மணி நேரம் இருக்கிறது. அதற்கு ஒரு பையனும், அந்தப் பையனுக்குச் சம்பளமும் உண்டு.

வீட்டில் சம்பளம் கிடையாது. "இங்க பாரு, எல்லாத்தையும் கட் பண்ணி ரெடியா வெச்சிட்டா, நான் வந்து பத்து நிமிஷத்துல முடிச்சிடுவேன்" என்கிறார். இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்பதுதான் கொடுமை. கொழுந்துவிட்டு எரிகிற அடுப்பில் வதக்குகிற சமையலுக்கு முதல் சட்டமே அதுதான். அடுப்பைப் பற்றவைத்த பிறகு பூண்டு உரிக்க நேரமில்லை. கேரட்டைத் தேடிக்கொண்டிருந்தால் சட்டியிலிருக்கும் இஞ்சி கரிந்துவிடும். வெட்ட வேண்டியதெல்லாம் வெட்டி, கலக்க வேண்டியதெல்லாம் கலக்கிக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். சட்டம் சரி. நிறைவேற்றுகிற இலாகா வேறு.

மனைவி பங்கு, கோழி. எலும்பில்லாத அரைக் கிலோவைக் கழுவி, நீர் வடித்து, நார் ஓடுகிற திசைக்குக் குறுக்காக மெல்லிசாய் அரிய வேண்டும். நாரோடு சேர்த்து நீளவாக்கில் அரிந்தால் பல்லில் மாட்டும். கொஞ்சம் சோயா சாஸ், மிளகுத்தூள், ஒரு ஸ்பூன் கான்பிளவர், பாதி முட்டை வெள்ளைக்கரு. இவற்றில் புரட்டிக் கால்மணி நேரம் ஊறவிட்டால், அந்தக் கான்பிளவர் கறியைச் சுற்றி ஒரு மெல்லிய உறை போட்டுவிடும்; எவ்வளவு நெருப்பிலும் உள்ளே வறண்டு போகாது. இதை மனைவி எங்கேயோ படித்து, செய்து பார்த்து, பேசாமல் வைத்திருக்கிறார். "என் கை பட்டா சிக்கன் எப்பவும் சாஃப்டா வரும், கவனிச்சிருக்கியா?" என்று நம்மவர் கேட்கும்போதும் பேசாமல்தான் இருப்பார்.

ஒன்பதாவது படிக்கிற மகளுக்கு கேரட், பீன்ஸ், கோஸ், குடைமிளகாய். மகனுக்குக் கடை. முதலில் சோயா சாஸ் வாங்க ஒருமுறை, பிறகு வினிகருக்கு, வாங்கி வந்த பச்சை மிளகாய் சாஸை மாற்றிச் சிவப்பு வாங்க இன்னொரு முறை, கடைசியில் வெங்காயத்தாளுக்கு. பெரியம்மாவுக்கு, அதாவது நம்மவரின் அம்மாவுக்கு, பூண்டு.

"இவ்வளவு பூண்டு எதுக்குடா? வீட்ல யாரு புள்ளை பெத்திருக்கா?"

"நூடுல்ஸுக்கும்மா."

"அதுக்கா?" என்று கேட்டுவிட்டு அவர் உரிக்கத் தொடங்குகிறார். நகக்கண் எரிய எரிய ஒரு கிண்ணம் உரிப்பார். இடுப்பு வலிக்கிறது என்று எழும்போது, "அம்மா, அப்படியே இஞ்சியும்" என்று சோபாவிலிருந்து குரல் வரும். சோபாவில் அவர் சும்மா கிடக்கவில்லை. கைபேசியில் ஹாங்காங் மாஸ்டர் ஒருவர் சட்டியில் தீ வளர்க்கிற வீடியோவை நாலாம் தடவையாகப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அதுவும் தயாரிப்புதான்.

நூடுல்ஸை வேகவைப்பதும் மனைவியே. கொதிக்கிற தண்ணீரில் உப்பு, ஒரு ஸ்பூன் எண்ணெய். நடுவில் துளி விறைப்பு இருக்கும்போதே வடித்து, பச்சைத்தண்ணீர் ஊற்றி, இன்னும் கொஞ்சம் எண்ணெய் விட்டுப் பிரித்துத் தட்டில் பரப்புகிறார். மேற்பார்வைக்கு நம்மவர் வருவது இந்தக் கட்டத்தில். ஓர் இழையை எடுத்துச் சுவரில் எறிந்து, ஒட்டுகிறதா என்று பார்க்கிறார். எங்கோ ஒரு படத்தில் ஸ்பாகெட்டிக்கு அப்படிச் செய்தார்களாம்.

"சுவத்துல ஏன்டா ஒட்டுறே? வெள்ளையடிச்சு ஆறு மாசம் ஆகல" என்கிறார் பெரியம்மா.

பத்து நிமிஷம் என்று ஏன் சொல்கிறீர்கள், இப்போதே ஒன்றரை மணி நேரம் ஆகிவிட்டதே என்று கேட்டால், அவரிடம் பதில் தயார். 1983-இல் மேகி இந்தியாவுக்கு வந்தபோது ரெண்டே நிமிஷம் என்றார்களே, அவர்களைவிட நான் எட்டு நிமிஷம் நேர்மையானவன் என்பார். நூடுல்ஸ் சரித்திரத்தில் அவருக்குக் கொஞ்சம் பழக்கம் உண்டு. உடனடி நூடுல்ஸைக் கண்டுபிடித்த மொமொஃபுகு ஆண்டோ, ஜப்பானில் ஒசாகாவுக்குப் பக்கத்தில் வீட்டுக் கொல்லைக் கொட்டகையில் பரிசோதனை செய்து 1958-இல் விற்பனைக்குக் கொண்டுவந்த முதல் பாக்கெட்டே 'சிக்கின் ராமென்' என்பதை மகனுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். இழைகளை எப்படிக் காயவைப்பது என்று தெரியாமல் ஆண்டோ திண்டாடிக்கொண்டிருந்தாராம். மனைவி எண்ணெய்ச் சட்டியில் டெம்புரா பொரிப்பதைப் பார்த்தபோதுதான் வழி பிறந்ததாம். கதையின் இந்தப் பகுதியை நம்மவர் சொல்வதில்லை.

ஏழு ஐம்பதுக்கு நம்மவர் எழுந்தருளுகிறார். லுங்கியை மடித்துக் கட்டி, அலுவலகத்தில் தீபாவளிக்குக் கொடுத்த ஏப்ரனை அதற்கு மேல் மாட்டிக்கொள்கிறார். மேடையில் பத்துக் கிண்ணங்கள் வரிசையாய் நிற்கின்றன. பந்தல் போட்டு, பத்திரிகை அடித்து, பலகாரம் சுட்டு எல்லாரும் ஓய்ந்த பிறகு முகூர்த்த நேரத்தில் தாலியை எடுத்துக் கொடுக்க வருகிற பெரியப்பாவைப் போல வந்து நிற்கிறார்.

"எல்லாரும் வெளிய போங்க. எனக்கு இடம் வேணும்."

போகிறார்கள். பத்து விநாடி கழியாது. "உப்பு எங்க?" அதற்கு ஒரு பதில். "மிளகுத்தூள் எந்த டப்பா?" அதற்கு ஒரு பதில். "இது மிளகா, சீரகமா?" என்று கேட்கும்போது அது ஏற்கெனவே சட்டியில் விழுந்திருக்கும். மனைவி நிலைப்படியில் நின்றபடி கரண்டியை நீட்டுவார், துணியை நீட்டுவார், எக்ஸாஸ்ட் ஃபேனைப் போடுவார். அறைக்குள் அவர் இல்லை என்பது சட்டப்படி உண்மை.

வண்டி மாஸ்டருடைய அடுப்பு ராட்சச அடுப்பு. நீல நிறத்தில் 19 கிலோ வணிக சிலிண்டர், ஹை பிரஷர் பர்னர், உறுமிக்கொண்டு எரியும். நம்மவர் வீட்டிலிருப்பது 14.2 கிலோ சிவப்பு சிலிண்டரும், பால் காய்ச்சுவதற்கென்றே பிறந்த சாது அடுப்பும். அந்த அடுப்பில் அரைக் கிலோ கோழி, நாலு பாக்கெட் நூடுல்ஸ், ஒரு முழு கோஸ் எல்லாம் ஒன்றாய் இறங்கினால் சட்டி குளிர்ந்துவிடும். காய் நீர் விடும். வதங்க வேண்டியது அவியும்.

"என்னங்க, ரெண்டு தடவையா பிரிச்சுப் போடுங்களேன். சிக்கனை முதல்ல வதக்கி எடுத்து வெச்சுட்டு…"

"மாஸ்டர் எட்டு பிளேட்டை ஒண்ணாப் போடுவாரு, தெரியுமா?"

அடுத்தது தூக்கிப் போடுதல். இதற்காகத்தான் இவ்வளவும். 2020-இல் அமெரிக்காவில் ஜார்ஜியா டெக்கைச் சேர்ந்த இரண்டு ஆய்வாளர்கள், சீனச்சட்டியில் ஃப்ரைட் ரைஸ் செய்கிறவர்களைப் படமெடுத்து, அந்த அசைவைக் கணக்குப் போட்டு ஒரு கட்டுரையே வெளியிட்டார்கள். தேர்ந்த சமையல்காரர் சட்டியை அந்தரத்தில் தூக்குவதே இல்லை. அடுப்பின் விளிம்பில் ஊன்றி, தள்ளி இழுத்து, சீசாப் பலகையாக ஆட்டுகிறார். விநாடிக்கு ஏறத்தாழ மூன்று தடவை. அப்படி ஊன்றியும் அவர்களுக்குத் தோள்வலி வருகிறது என்பதுதான் ஆய்வுக்கே காரணம். நம்மவர் ஊன்றுவதில்லை. இரண்டு கையாலும் நெஞ்சு உயரத்துக்குத் தூக்கி, கண்ணை மூடிக்கொண்டு ஓர் உதறு உதறுகிறார். முக்கால் பாகம் சட்டிக்குத் திரும்புகிறது. கால் பாகம் அடுப்புக்குப் பின்னால் விழுகிறது. ஒரு கேரட் துண்டு காலண்டரில், இந்த மாதத்துக் கிருத்திகைக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொள்கிறது.

பிறகு கரண்டியால் சட்டி விளிம்பில் தட்டுகிறார். மாஸ்டருடையது இரும்புச் சட்டி, டங் என்கும். இது மாமியார் வீட்டுச் சீராக வந்த நான்ஸ்டிக், டொக் என்கிறது. நிலைப்படியில் நிற்கிறவருக்கு அந்த டொக் ஒவ்வொன்றும் எங்கே விழுகிறது என்று கேட்க வேண்டாம்.

சோயா சாஸிலேயே உப்பு உண்டு. அதை ஊற்றிவிட்டு உப்பும் போடுகிறார், மாஸ்டர் போட்டார் என்று. மாஸ்டர் கரண்டி நுனியில் எடுத்தது இவர் கையில் ஒரு பிடி ஆகிவிடுகிறது. ருசி பார்க்கிறார். முகம் போகிற போக்கைப் பார்த்து மனைவி உள்ளே வருகிறார். தனியாக எடுத்து வைத்திருந்த உப்பில்லாத ஒரு பாக்கெட் வெந்த நூடுல்ஸைச் சேர்த்துக் கிளறி, அரை மூடி எலுமிச்சையைப் பிழிந்து, வெங்காயத்தாளைத் தூவி, அடுப்பை அணைக்கிறார். நடக்கப்போவது தெரிந்துதான் அதைத் தனியாக வைத்திருந்தார்.

"பாத்தியா, எட்டு நிமிஷம்தான் ஆச்சு!" என்கிறார் நம்மவர்.

தட்டில் வைத்ததும் யாரும் தொடக் கூடாது. விளக்கைப் போட்டு, பின்னணியில் தெரிந்த கேரட் தோலை ஒதுக்கி, நாலு கோணத்தில் படமெடுத்து ஸ்டேட்டஸில் ஏற்றிய பிறகுதான் சாப்பாடு. சாப்பிடும்போது ஒவ்வொரு வாயையும் பார்ப்பார். "கடையில மாதிரியே இருக்குப்பா" என்கிறாள் மகள். அவளுக்கு அடுத்த வாரம் ஸ்கூல் டூருக்குக் கையெழுத்து வேண்டும். பெரியம்மா இரண்டு வாய் தின்று, "நல்லாத்தான்டா இருக்கு" என்று சொல்லிவிட்டு, "சாப்பாடு எப்ப?" என்கிறார். மத்தியான ரசமும் சோறும் சூடாகி வருகின்றன. நள்ளிரவுக்குச் சற்று முன்னால் ஃபிரிட்ஜ் திறக்கிற சத்தம் கேட்கும்; நம்மவருக்குத் தயிர்சாதம்.

தொட்டியில் பாத்திரங்கள் கோபுரமாகக் கிடக்கின்றன. சமைத்தவர் பாத்திரம் கழுவக் கூடாது என்பது அவர் வகுத்த நீதி. "அப்ப திங்கட்கிழமையிலேருந்து சனிக்கிழமை வரைக்கும் நீங்க கழுவுங்க" என்று மனைவி ஒருமுறை சொன்னார். அந்த நேரம் பார்த்து அவருக்கு ஒரு முக்கியமான போன் வந்துவிட்டது.

இருந்தாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். இவருடைய அப்பாவுக்கு அடுப்பு எந்தத் திசையில் இருக்கிறது என்றே தெரியாது. சொம்பை நீட்டினால் தண்ணீர் வரும் என்று மட்டும் தெரியும். அந்த வம்சத்தில் பிறந்தவர் மிளகையும் சீரகத்தையும் பிரித்தறிய முயல்கிறார் என்பதே முன்னேற்றம்தான். பெரியம்மா அதை முன்னேற்றமாகப் பார்க்கிறாரா என்பது வேறு விஷயம்.

திங்கட்கிழமை மத்தியானம் அலுவலகத்தில் ஸ்டேட்டஸ் பார்த்தவர்கள் மொய்க்கிறார்கள். பக்கத்து மேஜைக்காரர் செய்முறை கேட்கிறார். நம்மவர் நெருப்பைப் பற்றியும் மணிக்கட்டைப் பற்றியும் கால்மணி நேரம் விளக்குகிறார். "அது சரி சார், நூடுல்ஸை எவ்வளவு நேரம் வேகவைக்கணும்?" என்றதும் போனை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போகிறார்.

"ஏம்மா, அந்த நூடுல்ஸ் எத்தனை நிமிஷம்?"

"தண்ணி கொதிச்சப்புறம் போட்டு மூணு, நாலு நிமிஷம். உடனே வடிச்சிடணும்னு சொல்லுங்க. சிக்கனைக் குறுக்கால அரியச் சொல்லுங்க. உப்பு கடைசியிலதான், அதுவும் ருசி பார்த்துட்டு. யாருக்கு?"

"ஆபீஸ்ல ஒருத்தருக்கு" என்று வைத்துவிட்டுத் திரும்பி வந்து, வரிக்கு வரி தம் சொந்த அனுபவமாகச் சொல்கிறார். பக்கத்து மேஜைக்காரர் அதைச் சிரத்தையாகக் கைபேசியில் தட்டுகிறார். தட்டி முடித்ததும் வீட்டுக்கு அனுப்புகிறார், கீழே ஒரு வரி சேர்த்து: 'இன்னிக்கு நைட்டு நான் சமைக்கிறேன். இதையெல்லாம் ரெடி பண்ணி வை.'