ஒட்டுப்போட்ட புல்

ஃபீனிக்ஸ் பக்கம் கொல்லையில் புல் வளர்ப்பதும் யானை வளர்ப்பதும் செலவில் ஒன்றுதான். 2021 ஆகஸ்டில் கொலராடோ ஆற்றில் தண்ணீர்ப் பற்றாக்குறை என்று அமெரிக்க அரசு முதன்முறையாக அறிவித்ததும் எங்கள் தெருவில் பலர் புல்லைப் பெயர்த்துவிட்டு பிளாஸ்டிக் புல் விரித்தார்கள். நாங்களும் விரித்தோம். விரித்துக் கொடுத்தவர், "தண்ணீர் வேண்டாம், வெட்ட வேண்டாம், பதினைந்து வருஷத்துக்கு இந்தப் பக்கமே நீங்கள் வரவேண்டாம்" என்றார். கோடையில் அந்தக் கடைசி வாக்கை நூறு சதவீதம் காப்பாற்றிவிட்டார். வரத்தான் முடியவில்லை.

பிளாஸ்டிக் புல் பெயர் வாங்கியது ஹூஸ்டன் ஆஸ்ட்ரோடோம் அரங்கத்தில். 1965-இல் திறந்த அந்த அரங்கத்தின் ஒளிபுகும் பிளாஸ்டிக் கூரை ஆட்டக்காரர்களின் கண்ணைக் கூசவைக்க, கூரைக்குச் சாயம் பூசினார்கள். வெளிச்சம் போனதும் நிஜப் புல் செத்தது. மறு வருஷம் செயற்கைப் புல் வந்தது. அதாவது, கூரை போட்டு ஏசி வைத்த இடத்தில் சொகுசாக வாழ்ந்த சரக்கு இது. அதைத்தான் பாலைவனத்தில் மொட்டை வெயிலில் கிடத்தியிருக்கிறோம். 2023 கோடையில் ஃபீனிக்ஸில் தொடர்ந்து 31 நாள் 43 டிகிரி செல்சியஸைத் தாண்டியது. அது காற்றின் சூடு. புல்லின் சூடு தனிக் கணக்கு. பிரிகாம் யங் பல்கலைக்கழகத்தார் 2002-இல் தங்கள் செயற்கைப் புல் மைதானத்தை அளந்தபோது, காற்று 37 டிகிரி இருந்த நாளில் புல் 93 டிகிரி காட்டியது. டிகாக்ஷன் இறக்கலாம். தண்ணீர் விட்டுக் குளிரவைத்தும் பார்த்தார்கள்: 79 டிகிரி 29-க்கு இறங்கியது, இருபது நிமிஷத்தில் 73-க்கு ஏறிவிட்டது. ஆக, தண்ணீர் வேண்டாத புல்லுக்கும் மாலையில் தண்ணீர் பிடிக்கிறேன், பையன் கிரிக்கெட் ஆட வேண்டுமே.

அந்தக் கிரிக்கெட்டில்தான் புல் தேய்ந்தது. பேட் பிடித்து நிற்கும் இடத்தில் இழையெல்லாம் படுத்து, அடிமணல் வெளியே வந்து, வழுக்கை விழுந்தது. வழுக்கைக்கு மருந்து உண்டு: முரட்டுத் துடைப்பத்தால் எதிர்வாக்கில் சீவி நிமிர்த்தி, சிலிக்கா மணலைத் தூவி இழைகளுக்கு நடுவே இறங்கும்வரை பெருக்க வேண்டும். புல்வெட்டும் இயந்திரத்தை விற்ற காசில் துடைப்பமும் மணல் மூட்டையும் வாங்கினேன்.

மருந்தில்லாத நோய் இன்னொன்று. மதிலோரம் ஒரு முழ அகலத்துக்குப் புல் உருகி, கருகிய அப்பளமாகச் சுருண்டிருந்தது. காரணம் பக்கத்து வீட்டு மாடி ஜன்னல். வெப்பத்தை வெளியே தள்ளவென்று பூச்சுப் பூசிய இரட்டைக் கண்ணாடி அது; தள்ளிய வெப்பம் எங்கே போகிறது என்று அந்தக் கண்ணாடிக்குக் கவலையில்லை. கண்ணாடி லேசாக உள்வாங்கிக் குழிந்திருந்தால் வெயிலைக் குவித்தே அனுப்பும். அவர் வீடு குளுகுளுவென்று இருக்க, என் புல் வெந்தது.

இந்த நிலவரத்தில்தான் மாமனார் ஆறு மாச விசாவில் வந்து இறங்கினார். கும்பகோணத்தில் தையற்கடை வைத்திருந்தவர். பெட்டியில் ஊறுகாய்க்குப் பக்கத்தில் இஞ்ச் டேப்பும் இருந்தது. கையில் டேப் இல்லாவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. கருகிய இடத்தின் விளிம்பைத் தூக்கி அடிப்பக்கத்தைப் பார்த்தவர் முகம் மலர்ந்தது.

"மாப்பிள்ளை, இது தையல்!"

உண்மைதான். வரிசையாக ஊசி வைத்த இயந்திரம்தான் அடித்துணியில் இழையைக் குத்தி இந்தப் புல்லை உண்டாக்குகிறது. அந்த நிமிஷத்திலிருந்து கொல்லை அவர் கடை, நான் காஜா எடுக்கும் பையன்.

கிடங்கில் மிச்சமிருந்த புதுத் துண்டை எடுத்து வந்தேன். பார்த்த வேகத்தில் தள்ளினார். "பழைய சட்டைக் கிழிசலுக்குப் புதுத்துணி வச்சா ஊரே பாக்கும். உள்மடிப்புலேருந்து எடுக்கணும்." புல்லுக்கு ஏது உள்மடிப்பு? கொல்லையைச் சுற்றி வந்து, ஏசி இயந்திரத்துக்குப் பின்னால் யாரும் பார்க்காத மூலையில் டேப்பை வைத்தார். அதே வயசு, ஏறக்குறைய அதே வெளுப்பு. அங்கிருந்து வெட்டி இங்கே வைப்பது. புதுத் துண்டு அங்கே போகட்டும்.

வெட்டும் நேரத்தையும் அவரே குறித்தார்: விடிகாலை. பிளாஸ்டிக் பகல் சூட்டில் விரியும், ராத்திரி சுருங்கும். மத்தியானம் அளந்து வெட்டினால் ராத்திரி வாயைப் பிளக்கும். பசையும் வெயிலில் நாம் தடவி முடிப்பதற்குள் ஆடை கட்டிவிடும். அடிப்பக்கமாக, இரண்டு தையல் வரிசைக்கு நடுவே பிளேடை ஓட்டினார். பிறகு துண்டைக் கையால் தடவினார், கண்ணை மூடிக்கொண்டு. "வெல்வெட் மாதிரிதான். ஒரு பக்கம் வழுக்கும், எதிர்ப்பக்கம் சொரசொரக்கும். வாக்கு மாறினா வெளிச்சத்துல வேற கலரா தெரியும்." அடியில் இணைப்பு நாடா, நாடா மேல் பசை, பசை மேல் புல், சந்தில் சிக்கிய இழைகளை ஒவ்வொன்றாக விரலால் எடுத்துவிட்டார். பாரம் வைக்க இரண்டு பொன்னி அரிசி மூட்டை. அன்று சமையல் சப்பாத்தி.

பாரம் எடுத்ததும் ஒட்டு எங்கே என்று நானே தேடவேண்டியிருந்தது. மாமனார் திருப்திப்படவில்லை. ஜன்னலைக் காட்டி, "சட்டையைக் கிழிச்ச ஆணி அங்கேயே இருக்கே" என்றார். பக்கத்து வீட்டுக்காரர் நல்ல மனுஷர். கூப்பிட்டுக் காட்டியதும், ஜன்னலுக்கு வெளியே வெயில் வலை அடிக்க ஒப்புக்கொண்டார். போகிறபோக்கில் ஒட்டுப்போட்ட இடத்தைக் குனிந்து தடவிப் பார்த்துவிட்டு, தன் வீட்டுப் புல்லை நாய் பிறாண்டியிருப்பதாகவும், பெரியவர் வந்து பார்ப்பாரா என்றும் கேட்டார்.

மொழிபெயர்த்தேன். கூடவே, இந்த விசாவில் வந்தவர் கூலி வாங்கக் கூடாது என்ற சட்டத்தையும் சொல்லிவைத்தேன்.

மாமனார் டேப்பைக் கழுத்தில் போட்டுக்கொண்டார். "கூலி யார் கேட்டா? நூல் காசு மட்டும் குடுக்கச் சொல்லுங்க."