குக்கர் கேக்கும் குருத்தோலையும்

செஞ்சியில் இன்று பிறந்தநாள் கேக்குக்கு யாரும் அலைய வேண்டியதில்லை. பேக்கரிக்குப் போனால் நிற்கிற நேரத்துக்குள் பெயர் எழுதிக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். எங்கள் பக்கத்தில் அதற்கு ‘ஐஸ் கேக்’ என்று பெயர். அது வேண்டாம் என்பவர்களுக்கு வீட்டிலேயே கேக் செய்து தருகிற பெண்கள் இருக்கிறார்கள். முதல் நாளே வாட்ஸ்அப்பில் சொல்லிவிட வேண்டும். விலை கடையைவிடக் கூடுதல்தான். ஆனாலும் ‘வீட்டில் செய்தது’ என்பதற்காகவே தேடி வாங்குகிறார்கள். எண்பதுகளில் இதே ஊரில் நாங்கள் வீட்டில் கேக் செய்தோம், கடையில் வாங்க வழியில்லாததால்.

நல்ல கேக் வேண்டுமென்றால் அப்போது புதுச்சேரியிலிருந்து யாராவது வாங்கி வர வேண்டும். பஸ் குலுக்கலில் அது பாதி உருமாறித்தான் வந்து சேரும். 1750 முதல் 1761 வரை செஞ்சிக் கோட்டை பிரெஞ்சுக்காரர்கள் கையில் இருந்தது. அவர்களுடைய ரொட்டி அடுப்போ கடற்கரையோடு நின்றுவிட்டது. எங்களுக்கு வாய்த்தது பிரஷர் குக்கர்.

அந்தக் குக்கரில் பாதி வேலை மணலுக்குத்தான். செஞ்சி மலைகளில் பிறந்து புதுச்சேரிப் பக்கம் கடலில் சேர்கிற சங்கராபரணி ஆற்றின் மணலை அள்ளி வருவோம். அதைச் சலித்து, தண்ணீர் தெளிகிற வரை கழுவி, மொட்டை மாடியில் காயவைத்து, குக்கருக்குள் இரண்டு விரற்கடை உயரத்துக்குப் பரப்ப வேண்டும். கேஸ்கட்டையும் வெயிட்டையும் கழற்றிவிட்டு வெறும் மூடியைப் போட்டு அடுப்பில் ஏற்றுவார் சித்தி. “மணலு நல்லா காயட்டும். அதுக்குள்ள கிண்ணத்த வெச்சிடாத” என்பதுதான் அவருடைய முதல் பாடம். இரண்டாவது பாடம், டால்டாவையும் பொடித்த சர்க்கரையையும் ஒரே பக்கமாகச் சுற்றி, வெளுத்துப் பஞ்சு போல வருகிற வரை அடிப்பது. உள்ளே சேர்கிற காற்றுதான் கேக்கைத் தூக்குகிறது என்று காரணம் சொல்ல அவருக்குத் தெரியாது. ஆனால் எப்போது நிறுத்த வேண்டும் என்பது கைக்குத் தெரியும். பிறகு முட்டை, சலித்த மைதா, ஆப்பசோடா, இரண்டு சொட்டு வெனிலா எசன்ஸ். தென்னை ஈர்க்குச்சியைக் குத்திப் பார்த்து, மாவு ஒட்டாமல் வந்தால் இறக்கலாம்.

குக்கரில் சூடெல்லாம் கீழிருந்துதான் வரும். அதனால் அடிப்பக்கம் நல்ல காப்பி நிறத்திலும் மேல்பக்கம் வெளுத்தும் இருக்கும். தட்டில் கவிழ்த்துப் போட்டால் சிவந்த பக்கம் மேலே வந்துவிடும்.

அந்தக் கேக்கை இன்றைய கேக்கோடு வைத்து ஒப்பிட்டால், இன்றையதுதான் மேல். பழையது என்பதற்காக உயர்த்திச் சொல்ல மாட்டேன். எங்கள் கேக் மறுநாளே இறுகிவிடும். டால்டாவில் இருந்த டிரான்ஸ் கொழுப்பைப் பற்றி அன்று எந்த வீட்டிலும் தெரியாது. எண்ணெயிலும் கொழுப்பிலும் அது 2 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்ற வரம்பு 2022 ஜனவரியில்தான் நடைமுறைக்கு வந்தது. இன்று வீட்டில் கேக் செய்து விற்கிற பெண்கள் தராசு வைத்து கிராம் கணக்கில் அளக்கிறார்கள். வெண்ணெய் எது, வெஜிடபிள் கிரீம் எது என்று கேட்டால் விளக்கமாகச் சொல்கிறார்கள். உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்கிறார்கள். சிறு தயாரிப்பாளருக்கும் அந்தப் பதிவு கட்டாயம். வயல் வேலையும் துணிக்கடை வேலையும் விட்டால் பெண்களுக்கு வேறு வருமானம் அரிதான ஊரில், ஒரு சின்ன மின் அடுப்பை வைத்துக்கொண்டு பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்தைக் கட்டுகிறவர்களைப் பார்க்கிறேன். எங்கிருந்தோ வந்த பண்டத்தை நம் பெண்கள் கற்றுத் தேர்ந்துவிட்டார்கள் என்பதில் எனக்குப் பெருமைதான்.

வருத்தம் தோரணத்தைப் பற்றியது. அது எங்கிருந்தும் வந்ததல்ல, நம்முடையது. அதைத்தான் கைவிட்டிருக்கிறோம்.

அன்று விசேஷத்துக்கு முந்தின சாயங்காலம் தெருவே கூடிவிடும். பெரிய பிள்ளைகள் கலர் பேப்பரை முக்கோணமாக மடித்து வெட்டுவார்கள். சிறுசுகள் நூலில் ஒட்டிக்கொண்டே போவார்கள். பெரியம்மா மைதாவைக் கரைத்துக் காய்ச்சிப் பசை எடுப்பார். பூச்சி அரிக்காமலிருக்க அதில் மயில்துத்தம் போடுவதுண்டு. துத்தம் விஷம் என்பதால் கை கழுவாமல் எந்தப் பிள்ளையையும் பந்திப் பக்கம் விட மாட்டார்கள். இதெல்லாம் வீட்டுக்குள் கட்டுகிற தோரணம். வாசலுக்கு ஓலைதான்.

பனையோ தென்னையோ, மரமேறுகிறவர் குருத்தை வெட்டி இறக்கியதும் ஈரச்சாக்கில் சுற்றி வைத்துவிடுவார்கள்; காய்ந்தால் மடிப்பில் ஒடியும். குருத்தோலைக்குத் தந்த நிறம். ஈர்க்கை உரித்து, ஓலையை நடுவில் கீறி, ஒரு பாதியை மற்றொன்றுக்குள் நுழைத்து இழுத்தால் குருவியின் கழுத்து வரும். இன்னொரு முறை திருப்பி நுழைத்தால் வால். நல்ல காரியத்துக்கு நான்கு குருவி, சாவு வீட்டுக்கு மூன்று என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார் பந்தல் போடுகிற பெரியவர். எண்ணிக்கை தவறினால் கட்டியதை அவிழ்க்கச் சொல்வார். “வாசல்ல பாத்ததுமே உள்ள இன்னா நடக்குதுன்னு தெரியணும்” என்பார். பெண் வயதுக்கு வந்தால் தாய்மாமன் கட்டுகிற பச்சை ஓலைக் குடிசைக்கும் அவரைத்தான் கூப்பிடுவார்கள். பிள்ளைகள் கேட்டால் கிளியும் கிலுகிலுப்பையும் முடைந்து தருவார், காசு வாங்காமல்.

இன்று வாசலில் தொங்குவது பளபளக்கிற தகட்டுத் தாளில் ஆங்கில எழுத்துக்கள். பிள்ளைக்கு வாழ்த்துச் சொல்லும் அந்தத் தாள் எந்த ஊரில், யார் கையால் ஆனதென்று வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. நுரை ஸ்பிரேவையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும். அதற்குள் இருக்கிற வாயு தீப்பற்றக்கூடியது. மெழுகுவர்த்தி எரிகிற மேசையைச் சுற்றி நின்று பிள்ளையின் தலையில் அடிக்கிறார்கள். பார்க்கிறபோது நெஞ்சு பதறுகிறது.

சட்டம்கூட ஓலையின் பக்கம்தான் நிற்கிறது. ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. 2022 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் தடைசெய்த பொருள்களில் பிளாஸ்டிக் கொடி, பலூனுக்கான பிளாஸ்டிக் குச்சி, அலங்காரத்துக்கான தெர்மாகோல் ஆகியவை பெயர் சொல்லியே இடம்பெற்றிருக்கின்றன. நகரத்துப் பெரிய மண்டபங்களில் இப்போது ஓலை அலங்காரம் திரும்பி வருகிறது, பெரிய தொகைக்கு. பந்தல்காரர் கிளியைச் சும்மா முடைந்து தந்த ஊரிலோ அதைக் கேட்பார் இல்லை. அவர் பிள்ளைகள் சென்னையில் வேலைக்குப் போய்விட்டார்கள். அந்தத் தொழிலில் இருந்த கூலிக்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது.

2025 ஜூலை 11 அன்று மராத்தியப் போர்க்கோட்டைகள் 12 யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்தன. 11 மகாராஷ்டிரத்தில், பன்னிரண்டாவது எங்கள் செஞ்சி. ராஜகிரியையும் கல்யாண மகாலையும் பார்க்க இனி வெளியூர்க்காரர்கள் வருவார்கள். அவர்களை வரவேற்கிற வளைவிலாவது பிளாஸ்டிக் பூ வேண்டாம். சுற்றிலும் பனை நிற்கிறது. தமிழ்நாட்டின் மாநில மரமே அதுதான். மரத்தை வெட்ட வேண்டியதில்லை, அளவாகக் குருத்தெடுத்தால் போதும்.

கேக்கைத் தாராளமாக ஆர்டர் கொடுங்கள். செய்கிற பெண்ணிடம் பேரம் பேசாதீர்கள். அதே நாளில் ஊரில் ஓலை பின்னத் தெரிந்த பெரியவர் யாரென்றும் விசாரியுங்கள். கேக்குக்குக் கொடுக்கிற பணத்தில் பாதியாவது அவருக்குக் கூலியாகக் கொடுங்கள். முந்தின சாயங்காலமே வரச் சொல்லி, பிள்ளைகளை அவர் பக்கத்தில் உட்கார வையுங்கள். குருவி முடையக் கற்றுக்கொள்ள ஒரு பிள்ளைக்கு ஒரு சாயங்காலம் போதும்.