கழிக்கத் தெரிந்த கை

கேள்வி: படைப்பாற்றல் பிறவியிலேயே வருவது என்றால், வரைகலை வடிவமைப்புக்கு ஆசிரியர் எதற்கு?
— ஒரு வாசகர், தல்லாகுளம்

பதில்: எழுத்தையும் படத்தையும் ஒழுங்குபடுத்திச் செய்தியைக் கண்ணுக்குப் புரியவைக்கும் கலையே வரைகலை வடிவமைப்பு. அதில் கருத்து தோன்றும் கணத்தை எவராலும் கற்பிக்க இயலாது என்றாலும், தோன்றிய பத்துக் கருத்துகளில் ஒன்பதைக் கைவிடும் துணிவைக் கற்பிக்க இயலும் என்பதால், ஆசிரியரின் வேலைக்கு ஆபத்தில்லை. கள்ளக்குறிச்சியில் பிறந்து, மும்பை ஐ.ஐ.டி.யில் தமிழ் அச்செழுத்துகளின் வடிவங்களை ஆராய்ந்து, குவாஹாட்டி ஐ.ஐ.டி.யில் வடிவமைப்புப் பேராசிரியரான த. உதயகுமார் உருவாக்கிய ரூபாய்க் குறியீடே கைவிடுதலின் பயனுக்குச் சான்று. 2010 ஜூலை 15 அன்று மத்திய அரசு ஏற்றுக்கொண்ட அக்குறியீட்டில், தேவநாகரி ‘ர’ எழுத்தும், செங்குத்துக் கோடு நீக்கப்பெற்ற ரோமன் ‘ஆர்’ எழுத்தும் ஒன்றிணைகின்றன. அதாவது, கூட்டுவதற்கே பிறந்த பணத்துக்குக் கழித்தல் கணக்கால் அடையாளம் கிடைத்தது.

கழித்தல் என்னும் இதே பாடம் தலைமைப் பண்புக்கும் பொருந்தும். கழித்தபின் எஞ்சுவதில் கண் எதை முதலில், எதை அடுத்துக் காண வேண்டும் என்று முறைப்படுத்துவதை வடிவமைப்பில் ‘படிநிலை’ என்பர். மதுரைத் தல்லாகுளத்தில், சித்திரைத் திருவிழாவுக்கு வரும் கள்ளழகர் பெருமாளை மக்கள் எதிர்கொண்டு வரவேற்கும் எதிர்சேவைக்கு வைக்கப்படும் பதாகையில் வரவேற்பவர்களின் முகங்களே நிறைந்து, வரவேற்கப்படும் கள்ளழகர் மூலைக்கு ஒதுங்கினால், அங்கே குலைந்திருப்பது அழகு மட்டுமன்று, படிநிலையும்தான். ஆகவே, மாணவரின் படைப்பைப் பெரிதாக்கித் தம் பெயரைச் சிறிய எழுத்தில் ஓரமாக வைப்பவரே நல்ல ஆசிரியரும் நல்ல தலைவரும் ஆவார். அத்தகையவருக்குப் பதாகை வைக்க நன்கொடை திரட்டுவதுதான் கடினம்.