மிளகைப் பயறுன்னு சொன்னா ஆச்சா, மாப்ள?

போனைக் குப்புறப் போட்டுட்டு உக்காந்திருக்கிற பாரு, அதுலயே பாதி சங்கதி வெளிய வந்துடுச்சு. ஒளிக்க ஒண்ணும் இல்லாதவன் போனு மல்லாக்கக் கெடக்கும். புள்ளைங்க எடுத்து விளையாடும். மணி அடிச்சா ‘யாருன்னு பாரும்மா’ன்னு அடுப்படிக்குக் குரல் குடுப்பான். நீ கொல்லைக்குப் போறப்பக்கூட மடியில கட்டிக்கிட்டுப் போற. எங்கக்கா மவங்கிற உரிமையில நீ, வா, போன்னு பேசுறேன். எம் பொண்ணக் கட்டுனவங்கிற மரியாதைக்கு நடுநடுவுல மாப்ளன்னும் சொல்லிக்கிறேன். ரெண்டையும் வாங்கிக்க.

ஒளிக்கிறதே குத்தம்னு சொல்ல நான் வரல. 2017 ஆகஸ்ட் 24ந் தேதி உச்ச நீதிமன்றத்துல 9 நீதிபதிங்க ஒண்ணா உக்காந்து, அந்தரங்கம்ங்கிறது அடிப்படை உரிமைன்னு ஒரே குரல்ல சொல்லிட்டாங்க. அந்தக் கேசைப் போட்டது யாருங்கிற? கர்நாடகத்து ரிட்டயர்டு ஜட்ஜு புட்டசாமி. 2012ல ஆதாரை எதுத்து அவர் படியேறுனப்ப வயசு 86. தீர்ப்பு வந்தப்ப 91. ஒங்களையெல்லாம் மாதிரி வெடலைப் பசங்க போனைத் தடவிக்கிட்டிருந்த நேரத்துல, என்னையும் தாண்டுன ஒரு பெரியவர் போயி வாங்கிட்டு வந்த உரிமை அது. அனுபவி. நான் கேக்குறதெல்லாம், உரிமையை வாங்கிக் குடுத்தாச்சு, ஒளிக்கவாவது ஒழுங்காக் கத்துக்கிட்டியாங்கிறதுதான்.

கத்துக்கலைன்னு எனக்குத் தெரியும். போன பொங்கலுக்கு டிவியில போனை மாட்டி, கங்கைகொண்ட சோழபுரத்துல எடுத்த போட்டோவைக் காட்டுறேன்னு சொந்தபந்தத்தையெல்லாம் உக்கார வெச்சியே. நந்தி வந்துச்சு, விமானம் வந்துச்சு, ஒங்க அத்தை கண்ணு கூசுற மாதிரி சிரிச்சது வந்துச்சு. அடுத்தாப்ல மஞ்சக் கலர்ல ஒரு சீட்டு வந்துச்சு பாரு, ‘ஆரம் ஒண்ணு, மொத்த எடை’ன்னு. நீ பாஞ்சு வந்து டிவியை அணைச்ச வேகத்துல என் வெத்தலைப் பொட்டி உருண்டுச்சு. ‘கரண்டு போயிடுச்சு’ன்ன. மேல ஃபேனு சுத்திக்கிட்டிருந்துச்சு மாப்ள.

அதுக்கப்பறந்தான் நீ சூதானமாயிட்ட. இப்ப என்னமோ புள்ளி வெச்சு ஃபோல்டர் போட்டிருக்கியாமே? செல்போன் கடைப் பையன் சொன்னான். மத்தியானத்துல ஜெயங்கொண்டத்துல அவன் கடை பெஞ்சுலதான நான் குந்தியிருக்கேன். வீட்டுல கரண்டு இல்லைன்னா அங்க ஃபேன் இருக்கு, ஊர்க்கதையும் இருக்கு.

அந்தப் புள்ளி வித்தையைக் கேட்டதும் எனக்கு நம்ம உடையார்பாளையத்துச் சாமி ஞாபகந்தான் வந்துச்சு. இந்த ஊர்ல பொறந்துட்டு பயறணீசுவரர் கதை தெரியாம வளந்திருக்கியே! மிளகு மூட்டைய ஏத்திக்கிட்டு ஒரு யாவாரி இந்தப் பக்கமா வந்தான். சுங்கச்சாவடியில நிறுத்தி ‘மூட்டையில என்ன’ன்னு கேட்டாங்க. மிளகுன்னா வரி கட்டணும், பயறுன்னா இல்ல. ‘பயறுங்க’ன்னான். விட்டுட்டாங்க. போயி மூட்டையப் பிரிச்சா அத்தனையும் நெசமாவே பயறு! அழுது பொரண்டு சாமிகிட்ட முறையிட்ட பின்னாடிதான் மறுபடி மிளகாச்சுன்னு தலபுராணம் சொல்லுது. சாமிக்கு அந்தப் பேரு வந்த வழி அது.

நீ பண்ணியிருக்கிறதும் அதேதான். ஆண்ட்ராய்டு போன்ல ஒரு ஃபோல்டர் பேருக்கு முன்னாடி புள்ளி வெச்சா, ஃபைல் மேனேஜரு அதைக் கண்டுக்காம விட்டுடும். உள்ள ‘.நோமீடியா’ன்னு ஒரு வெறும் ஃபைலைப் போட்டு வெச்சா, படம், பாட்டைத் தேடிக் கணக்கெடுக்குற ஸ்கேனர் அந்த ஃபோல்டருக்குள்ள நுழையாது. கேலரியிலயும் வராது. வாட்ஸ்அப்பே இந்த வேலையைப் பண்ணுது. நீ அனுப்புன படம் போற ‘சென்ட்’ ஃபோல்டருக்குள்ள அந்த வெறும் ஃபைலு குந்தியிருக்கும். அதனாலதான் வந்த படம் கேலரியில ரொம்பி வழியுது, அனுப்புன படம் ரெண்டு தடவை தெரியுறதில்ல. இன்னுஞ்செல பேரு படத்தோட பேருல கடைசியில இருக்கிற ‘ஜேபிஜி’யை அழிச்சுட்டு வேற ஏதாவது போட்டுடுவாங்க. கேலரி அதைப் படம்னே நம்பாது.

சாவடிக்காரன் நம்புவான், சரி. மூட்டையப் பிரிக்கச் சொன்னா?

கடைப் பையன் பிரிச்சுக் காட்டுனான், நான் கிட்டக்கக் குனிஞ்சு பாத்தேன். ஃபைல் மேனேஜரத் தொறந்தான். மேல மூலையில மூணு புள்ளி. அதைத் தட்டுனா ஒரு பட்டியல். அதுல ‘மறைத்த ஃபைல்களைக் காட்டு’ன்னு ஒரு வரி. டிக்கு போட்டான். அம்புட்டுதான். பூட்டு இல்ல, சாவி இல்ல, ரகசிய எண்ணு இல்ல. மறைஞ்சிருந்த ஃபோல்டரெல்லாம் வெளிறிப் போன நெறத்துல வரிசையா வந்து நின்னுச்சு. ‘தாத்தா, இப்படி மங்கலாத் தெரிஞ்சாலே ஆளு ஒளிச்சு வெச்சிருக்கான்னு அர்த்தம், நேரா அங்கதான் போவணும்’னான். எம்மாம் பெரிய உதவி பாத்தியா! ஆயிரம் படத்துக்கு நடுவுல கெடந்திருந்தா தேடியாவது ஆவணும். நீ தனியாப் பிரிச்சு, அடையாளமும் வெச்சுக் குடுத்துட்ட.

தேடுற கதையே இப்ப வேற ஆயிடுச்சு. முன்னெல்லாம் படத்தைத் தேடணும்னா ஒவ்வொண்ணாத் தள்ளித் தள்ளிக் கண்ணு பூத்துப் போவும். இப்ப கூகுள் போட்டோஸ் படத்துக்குள்ள இருக்கிற எழுத்தையே படிச்சு வெச்சுக்குது. ஐபோனும் அப்படித்தான். பான் கார்டுல இருக்கிற உம் பேரைத் தேடுற எடத்துல அடிச்சா கார்டு வந்து நிக்கும். அடகுக் கடை பேரை அடிச்சா என்ன வந்து நிக்கும்னு நான் சொல்லணுமா? நீ ஃபோல்டருக்குப் புள்ளி வெக்கிறதுக்கு முன்னாடியே அந்தப் படம் பேக்கப்புல ஏறியிருந்தா, போன்ல எத்தினி புள்ளி வெச்சு என்ன பிரயோசனம்? அது மேல கூகுள் கணக்குல மல்லாக்கக் கெடக்கு. அந்தக் கணக்கைப் போட்டிருக்கிற டேப்ல பேரப்புள்ள பொம்மைப்படம் பாக்குறப்போ, ‘ஒரு வருஷத்துக்கு முன்னாடி இதே நாள்’னு பூவெல்லாம் வெச்சு நினைவுன்னு காட்டும்.

அழிச்சுட்டேங்கிறியா? குப்பைத் தொட்டியப் பாரு. பேக்கப் ஆன படம் அங்க 60 நாளு கெடக்கும், ஆவாதது 30 நாளு. ஐபோன்லயும் சமீபத்துல அழிச்சதுன்னு ஒரு எடம் இருக்கு, 30 நாளு கணக்கு.

ஆவ, மறைக்கிறது வேற, பூட்டுறது வேற. மறைக்கிறதெல்லாம் மூணு வயசுப் புள்ளைக்கும், எட்டிப் பாக்குற பக்கத்து சீட்டுக்காரனுக்கும் போதும். ஆதார், பான், பத்திரம், பேங்கு பாஸ்புக்கு, ஆஸ்பத்திரிச் சீட்டு, புருஷம் பொஞ்சாதி சமாச்சாரம், இதுக்கெல்லாம் பூட்டு வேணும். பூட்டு ஏற்கெனவே ஒம் போனுக்குள்ள சும்மாக் கெடக்கு, காசு குடுத்து வாங்க வேண்டியதில்ல.

கூகுள் போட்டோஸ்ல லாக்டு ஃபோல்டர்னு 2021லயே வந்துடுச்சு. அதுக்குள்ள போட்ட படம் தேடுனா வராது, நினைவுல வராது, ஆல்பத்துல வராது. ஸ்கிரீன்ஷாட்டு எடுத்தாக்கூட விழாது. படம் இல்லாம பிடிஎஃப் மாதிரி மத்த ஃபைலா இருந்தா, கூகுளோட ஃபைல்ஸ் ஆப்புல சேஃப் ஃபோல்டர் இருக்கு, அதுக்குத் தனியா ரகசிய எண்ணு வெச்சுக்கலாம். சாம்சங்கா இருந்தா செக்யூர் ஃபோல்டர். அது போனுக்குள்ள இன்னொரு போனு. அதுக்குள்ள ரெண்டாவது வாட்ஸ்அப்பே வெச்சுக் குடித்தனம் நடத்தலாம். ஆண்ட்ராய்டு 15லேருந்து பிரைவேட் ஸ்பேஸ்னு ஒண்ணு வந்திருக்கு. ஐபோன்ல மறைச்ச ஆல்பத்துக்கு 2022லேருந்து முகத்தையோ கைரேகையையோ கேக்குது. 2024லேருந்து ஆப்பையே மறைச்சுப் பூட்டலாம். வாட்ஸ்அப்புல 2023ல சாட் லாக் வந்துச்சு. அதே வருஷக் கடைசியில ரகசியச் சொல்லும் வந்துச்சு. அந்தச் சொல்லைத் தேடுற எடத்துல அடிச்சாத்தான் பூட்டுன சாட்டே கண்ணுல படும். அதுக்கு எம் பொண்ணு பேரை வெச்சுடாத. மொதல்ல அதைத்தான் அவ அடிச்சுப் பாப்பா.

ஆனா ஒண்ணு. லாக்டு ஃபோல்டரு தொறக்குறது போனோட பூட்டுலதான். போனைத் தொறக்கத் தெரிஞ்சவனுக்கு அதுவும் தொறக்கும். வாசக்கதவு சாவியே பீரோவுக்கும் சாவின்னா பீரோ எதுக்குங்கிறேன்? பிரைவேட் ஸ்பேஸுக்கும் செக்யூர் ஃபோல்டருக்கும் வேற பூட்டுப் போட எடம் இருக்கு. பிரைவேட் ஸ்பேஸு போடுறப்ப ‘அதே பூட்டா, வேற பூட்டா’ன்னு அதுவே கேக்கும். சோம்பேறித்தனத்துல அதேன்னு தட்டிடுவீங்க. எல்லாருந்தான் தட்டுறாங்க.

கால்குலேட்டர் ஆப்புன்னு ஒண்ணு சொன்னான் பையன். பாக்கக் கணக்குப் போடுற பொட்டியாட்டம் இருக்குமாம், எண்ணை அடிச்சு சமம்னு தட்டுனா உள்ளுக்குள்ள அறை தொறக்குமாம். எனக்குச் சிரிப்புத்தான். எந்தக் கம்பெனிக்காரன் செஞ்சதுன்னு தெரியாது, விளம்பரத்துல பொழைக்கிறவன் அவன், அவன் கையில ஒன் மானத்தையே குடுக்குற. போன்ல ரெண்டு கால்குலேட்டர் இருந்தா பாக்குறவனுக்குச் சந்தேகம் வராதா? நீ என்ன கணக்கு வாத்தியாரா? எடம் பத்தலைன்னு ஒரு நாளு அந்த ஆப்பை நீயே தூக்கிப் போட்டா, உள்ள இருந்ததும் அதோட போயிடக்கூடும்.

காணாமப் போறதுங்கிறது சாதாரண விஷயமில்ல மாப்ள. நம்ம ஜமீன் அரண்மனை இருக்கே, அங்க கனம் கிருஷ்ணையர்னு ஒரு சங்கீத வித்துவான் இருந்தாரு. அவருகிட்டப் பாட்டுக் கத்துக்கிட்டவரு உ.வே.சாமிநாதையரோட அப்பா. அந்தச் சாமிநாதையரு பிற்காலத்துல ஊரூரா நடந்து, பரணிலயும் பொட்டியிலயும் கெடந்த ஏட்டுச்சுவடியெல்லாம் தேடுனாரு. கரிவலம்வந்தநல்லூர் கோயிலுக்குப் போயிக் கேட்டா, பழைய ஏடுங்களைத் தீ வளத்து ஆகுதியாப் போட்டுட்டோம்னாங்களாம். பூட்டி வெச்சவனுக்குத்தான் அது என்னன்னு தெரியும். அவனுக்குப் பின்னாடி வந்தவனுக்கு அது வெறும் ஓலை.

ஒன் கதையும் அதான். லாக்டு ஃபோல்டர்ல போட்டதுக்கு பேக்கப்ப நீயாப் போயித் தனியா ஆன் பண்ணலைன்னா அது போனுக்குள்ள மட்டுந்தான் இருக்கும். போனு கெணத்துல விழுந்தா, ரீசெட் போட்டா, அதுவும் போச்சு. காப்பீட்டுப் பத்திரத்தையும் நெலத்துப் பட்டாவையும் அதுல வெச்சு, ரகசிய எண்ணை நெஞ்சுக்குள்ள வெச்சு, ஒரு நாளு நெஞ்சு நின்னு போச்சுன்னா? எம் பொண்ணு எந்தக் கதவைத் தட்டுறது? அதுக்கும் கூகுள்ல ஏற்பாடு இருக்கு. கணக்கு இத்தினி மாசம் அசையாமக் கெடந்தா இன்னாருக்கு விவரம் குடுன்னு முன்கூட்டியே எழுதி வெக்கலாம். ஐபோன்லயும் வாரிசு பேரு போட்டு வெக்கலாம். சொத்துப் பத்திரத்தை எதுக்குப் பொஞ்சாதிகிட்ட மறைக்கிறன்னு கேக்க மாட்டேன். நான் மறைச்ச கதையை ஒங்க அத்தை சொல்லுவா.

ஆதாரைப் பத்தி ஒரு வார்த்தை. அதை எதுக்குப் படமா எடுத்து கேலரியில வெச்சு, பெறகு ஒளிக்கப் படாத பாடு படுற? டிஜிலாக்கர்னு அரசாங்கமே 2015ல பொட்டி குடுத்திருக்கு. லாட்ஜுக்காரனுக்கு அனுப்பணும்னா மொத 8 எண்ணை மறைச்ச ஆதாரை இறக்கிக்க. கைவசம் இல்லாத படத்தை எவன் வந்து தேடுறது?

ரிப்பேருக்குக் குடுக்கிறப்பவும் கண்ணை மூடிக்கிட்டுக் குடுக்காத. ‘லாக்கு நம்பர் சொல்லுங்கண்ணே’ம்பான், சொல்லிட்டு டீ குடிக்கப் போயிடுவீங்க. சாம்சங்குல மெயின்டனன்ஸ் மோடு, பிக்சல்ல ரிப்பேர் மோடுன்னு இருக்கு. அதைப் போட்டுக் குடுத்தா, மெக்கானிக்குக்கு டச்சு தெரியும், ஸ்பீக்கரு தெரியும், உம் படம் தெரியாது. நம்ம கடைப் பையன் நல்லவன், ஏன்னா நான் பெஞ்சுல குந்தியிருக்கேன்.

கடைசியா ஒண்ணு, கிட்ட வா, சத்தமாச் சொல்ல முடியாது. இத்தனை பூட்டையும் இன்னைக்கு ராத்திரியே நீ போட்டுடுவ, எனக்குத் தெரியும். போடுறதுக்கு முன்னாடி செட்டிங்ஸ்ல கைரேகை இருக்கிற எடத்தைத் தொறந்து பாரு. ‘விரல் 1’ உன்னோடது. ‘விரல் 2’ன்னு ஒண்ணு இருக்கும். அது யாருதுன்னு யோசிக்காத. போன் பூட்டுக்கு மூத்தவன் பொறந்த வருஷத்தை வெச்சா, அவனைப் பெத்தவளுக்குத் தெரியாதா? மத்தியானம் நீ வாயைத் தொறந்துக்கிட்டுத் தூங்குறப்பவே அந்த விரல் ஏறிடுச்சு. அதை அழிச்சிடாத. அழிச்சா அவளுக்குத் தெரிஞ்சிடும், உனக்குத் தெரிஞ்சு போச்சுன்னு. மொதல்ல நான் போட்ட ஆரத்தை மீட்டுக் கொண்டாந்து பீரோவுல வெச்சுட்டு, அப்பறம் அழி. வட்டி ஏறிக்கிட்டிருக்கு மாப்ள, சீட்டுல தேதி தெளிவாவே இருக்கு.